விடியற்காலை 3 மணிக்கு விழிக்கும் முதலாளி

கேள்வி: திருப்பூரில் 38 பேர் வேலை செய்யும் பவர் டேபிள் (துணி தைக்கும்) யூனிட் நடத்துகிறேன். வயது 44. முதலாளியும் நானே, மேனேஜரும் நானே. ஏற்றுமதி கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்துகொடுக்கிறோம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா வரியை 50 சதவீதமாக்கிய பிறகு ஆர்டர் சீராக வரவில்லை. முடித்துக்கொடுத்த வேலைக்குப் பணம் வரவே நான்கு மாதம் ஆகிறது. சனிக்கிழமை சம்பளத்தைத் தள்ளிப்போட முடியாது. பல மாதங்களாக விடியற்காலை 3 மணிக்கு நெஞ்சு படபடத்து விழிப்பு வந்துவிடுகிறது. ஈசிஜி சரியாக இருக்கிறது, டென்ஷன்தான் என்றார்கள். இரத்த அழுத்தம் 150/96. மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கிப் போடுகிறேன். இரவில் கொஞ்சம் மதுவும் உண்டு. அப்பாவுக்கு 51 வயதில் மாரடைப்பு வந்தது. சென்ற மாதம் இரவு 8 மணிக்கு ஓவர்லாக் டெய்லர் ஒருவரை எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். மறுநாள் அவரும் அவர் தங்கையும் வேலைக்கு வரவில்லை. எனக்கு இருப்பது இதயக் கோளாறா, மனக் கோளாறா?

பதில்: ஒரு மருத்துவராக, உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் பயமுறுத்தியது 3 மணி விழிப்பு அல்ல, தூக்க மாத்திரையும் மதுவும் ஒரே இரவில் உள்ளே போவதுதான். இரண்டும் மூளையை மந்தமாக்குபவை. சேரும்போது மூச்சுவிடும் வேகமே குறைந்து, உறக்கத்திலேயே உயிர் போகலாம். இன்று இரவிலிருந்து இரண்டையும் சேர்க்காதீர்கள். மாத்திரையை வாரக்கணக்கில் தினமும் போட்டு வந்திருந்தால், அதையும் நீங்களாகச் சட்டென்று நிறுத்த வேண்டாம். மருத்துவரிடம் அட்டையைக் காட்டிப் படிப்படியாகக் குறையுங்கள். மதுவும் தினசரிப் பழக்கமாகியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். நிறுத்தும் முறையை அவரே சொல்வார். தூக்கத்துக்காகக் குடிக்கிறேன் என்பவர்களிடம் நான் எப்போதும் சொல்வது ஒன்று: மது படுத்தவுடன் கண்ணை மூட வைக்கும், பின்னிரவில் தூக்கத்தைக் கலைக்கும். 3 மணி விழிப்புக்கு அதுவே ஒரு காரணமாக இருக்கலாம்.

அடுத்தது இதயம். ‘ஈசிஜி சரி’ என்ற சொல்லை மட்டும் நம்பி நீங்கள் நிம்மதியாக இருந்துவிட முடியாது. படபடப்பு இல்லாத நேரத்தில் எடுத்த ஈசிஜி, படபடப்பின்போது என்ன நடந்தது என்பதைச் சொல்லாது. அப்பாவுக்கு 51 வயதில் மாரடைப்பு என்பது உங்கள் கணக்கில் கட்டாயம் சேர்க்க வேண்டிய விஷயம். இதய மருத்துவரைப் பார்த்து எக்கோ, டிரெட்மில், தேவையானால் 24 மணி நேரமும் இதயத் துடிப்பைப் பதியும் ஹோல்டர் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். கூடவே சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். பலமாகக் குறட்டை விடுகிறீர்களா, நடுவில் மூச்சு நின்று திணறுகிறீர்களா என்று மனைவியிடம் கேட்டுவிட்டுப் போங்கள். உறக்கத்தில் மூச்சடைப்பு இருந்தால் விழிப்பு, படபடப்பு, இரத்த அழுத்தம் மூன்றும் ஒன்றாகவே வரலாம். நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை இவற்றில் எது வந்தாலும் பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.

150/96 என்பது ஒருமுறை பார்த்த அளவு. தேநீர் குடித்திருந்தால் அரை மணி நேரம் கழித்து, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, காலையிலும் மாலையிலும் ஒரு வாரம் வீட்டிலேயே அளந்து எழுதுங்கள். சராசரி 135/85க்கு மேல் இருந்தால் மாத்திரை தேவையா என்று மருத்துவர் முடிவு செய்யட்டும். தேவை என்றால் மறுக்காதீர்கள்.

இனி நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். இதயமா, மனமா என்று பிரித்துக் கேட்கிறீர்கள். உடல் அப்படிப் பிரிப்பதில்லை. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரம் 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிட 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம். மாரடைப்பு போன்ற இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் அதிகம். ஒன்றரை ஷிப்ட் ஓட்டும் ஊரில், ஷிப்ட் முடிந்த பிறகு நீங்கள் கணக்கும் பார்க்கிறவர். உங்கள் மணிநேரத்தை ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்.

அந்த இரவு 8 மணிக்கு நடந்ததைக் கவனியுங்கள். 3 மணிக்கு விழித்தவருக்கு 8 மணி என்பது பதினேழாவது மணி நேரம். அவ்வளவு நேரம் விழித்திருப்பவரின் நிதானமும் வேகமும், இரத்தத்தில் 0.05 சதவீத மது இருப்பவருடைய அளவுக்குக் குறைவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் அளவே 0.03 சதவீதம்தான். அந்த நிலையில்தான் நீங்கள் தைத்த பீஸைச் சரிபார்த்தீர்கள், ஆளை மதிப்பிட்டீர்கள், பிறகு பைக்கில் வீட்டுக்கும் போனீர்கள். கோபம் உங்கள் குணத்திலிருந்து வந்தது என்று நான் நினைக்கவில்லை. தூக்கமின்மை கடிவாளத்தை அவிழ்த்துவிட்டது. ஆனாலும் மனம் புண்பட்டவருக்கு அந்த விளக்கம் மருந்தாகாது.

பெரிய நிறுவனத்தில் மேனேஜர் முகம் சுளித்தால் ஒரு பிரிவுக்குத் தெரியும். 38 பேர் உள்ள யூனிட்டில் காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே உங்கள் முகத்தைப் பார்த்து அன்றைய நாளைக் கணித்துவிடுகிறார்கள். ஆர்டர் குறைந்திருப்பதை நீங்கள் சொல்லாவிட்டாலும் அவர்கள் அறிவார்கள். சொல்லாததால் உள்ளதைவிட மோசமாகக் கற்பனை செய்துகொள்வார்கள். நல்ல டெய்லர்கள் முதலில் கிளம்புவது இப்படித்தான். வாரத்தில் ஒருநாள் தேநீர் இடைவேளையில் பத்து நிமிடம் எல்லோரிடமும் பேசுங்கள்: கையில் எத்தனை நாள் வேலை இருக்கிறது, அடுத்தது எப்போது வரும், எது இன்னும் உறுதியாகவில்லை. உங்கள் நெஞ்சும் கொஞ்சம் இளகும். தனியாகச் சுமக்கும் இரகசியம் உடலுக்குப் பெரிய பாரம்.

சூப்பர்வைசர் ஒருவர் நிச்சயம் இருப்பார். நூல், லேபிள், பாலிபேக் வாங்கும் பொறுப்பை முழுமையாக அவரிடம் விடுங்கள். இவ்வளவு ரூபாய் வரை உங்களைக் கேட்காமலே முடிவெடுக்கலாம் என்று தொகையும் சொல்லிவிடுங்கள். கொடுத்துவிட்டுப் பின்னாலேயே நின்று பார்த்தால் அது கொடுத்ததாகாது. முதல் மாதம் இரண்டு தவறுகள் நடக்கும். அந்த இழப்பை மருத்துவச் செலவாக எண்ணிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு வார்ப்பட ஆலை உரிமையாளர், பைபாஸ் முடிந்து ஆறு வாரம் வீட்டில் கிடந்தபோதுதான், தான் இல்லாமலும் உலை எரியும் என்று கண்டுகொண்டார். நீங்கள் அதைக் கொஞ்சம் மலிவாகக் கற்றுக்கொள்ளலாம்.

பணத்தைப் பற்றி மருத்துவர் பேசலாமா என்று தோன்றலாம். உங்கள் படபடப்பின் வேர் அங்கே இருக்கும்போது நான் பேசாமல் இருக்க முடியாது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, உத்யம் என்ற அரசுப் பதிவு பெற்ற சிறு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். அப்படித் தராத தொகையை, தரும் ஆண்டு வரை செலவாகக் காட்டி வருமான வரிச் சலுகை பெற முடியாது என்ற விதியும் 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. கேட்டால் அடுத்த ஆர்டர் போய்விடுமோ என்ற உங்கள் பயம் நியாயமானது. ஆனாலும் ஆடிட்டரோடு ஒருமுறை உட்கார்ந்து, எந்தக் கம்பெனியிடம் எப்படிக் கேட்பது என்று பேசுங்கள். 3 மணிக்கு இருட்டில் மனக்கணக்குப் போடுவதைவிட, பகலில் காகிதத்தில் போடுவது இதயத்துக்கு நல்லது.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கிறேன். ‘இருந்து என்ன பயன்’ என்ற எண்ணம் எப்போதாவது வருகிறதா? கடன் நெருக்கும் தொழிலில் அது பலருக்கு வருகிறது; வெளியே சொல்வதில்லை. வந்தால் மனைவியிடம் சொல்லுங்கள், 14416க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசுச் சேவை அது. கட்டணமில்லை, எந்த நேரமும் தமிழில் பேசலாம். மனநல மருத்துவரைப் பார்ப்பதால் உங்கள் கம்பெனியின் பெயர் கெட்டுவிடாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை யூனிட்டைத் திறக்காதீர்கள். மதியத்துக்கு மேல் தேநீர் வேண்டாம். மாலையில் அந்த டெய்லர் வீட்டுக்கு நீங்களே போங்கள், ஆள் அனுப்ப வேண்டாம். திரும்ப வேலைக்கு வரச் சொல்லிக் கேட்பது பிறகு. முதலில், “எல்லோர் முன்னாலும் அப்படிப் பேசியது என் தப்பு” என்று சொல்லுங்கள். திங்கட்கிழமை காலை வெறும் வயிற்றில் இரத்தப் பரிசோதனை. முடிவுகளோடும் ஒரு வார இரத்த அழுத்தக் கணக்கோடும் எனக்கு மறுபடி எழுதுங்கள்.