அந்த 12 லட்சம் யாருடையது?

கேள்வி: மென்பொருள் நிறுவனத்தில் பத்து ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். இரண்டு ஆண்டுகளாகப் பழகி, 21 புள்ளிக்கு ஆடும் பிளாக்ஜாக் என்ற கேசினோ சீட்டாட்டத்தில் ஒரு கட்டுச் சீட்டை 25 நொடியில் பிழையின்றி எண்ணுகிறேன். வேலையை விட்டுவிட்டுக் கோவா கேசினோக்களில் முழுநேரமாக ஆட விரும்புகிறேன். மனைவி ஏலச்சீட்டுக் கட்டிச் சேர்த்த 3 லட்சத்தையும் சேர்த்துக் கைமுதல் 12 லட்சம் ரூபாய். மாதம் ஒரு லட்சம் எடுக்கலாம் என்று நினைக்கிறேன். நிதித் திட்டம் எப்படி அமைப்பது? வீட்டில் இன்னும் சொல்லவில்லை.
- பெயர் வேண்டாம், ராமமூர்த்தி நகர், பெங்களூரு

பதில்: உங்கள் திறமையில் எனக்குச் சந்தேகமில்லை. எண்ணுவது என்றால், எந்தச் சீட்டுகள் வெளியே போய்விட்டன என்று மனத்தில் கணக்கு வைப்பது. 2 முதல் 6 வரையிலான சீட்டுகள் போய்விட்டால், மிச்சமுள்ள கட்டில் பத்துகளும் ஏஸ்களும் மிகுந்து ஆடுபவர் பக்கம் சாயும். இதை 1960களின் தொடக்கத்தில் கணிதப் பேராசிரியர் எட்வர்ட் தார்ப் கணினியில் போட்டு நிரூபித்தார். அவரே பிறகு முதலீட்டுத் தொழிலுக்குப் போய்விட்டார் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நன்றாக எண்ணுபவருக்குக் கிடைக்கும் அனுகூலம் 1 சதவீதம் என்று வைப்போம். சராசரிப் பந்தயம் 2,000 ரூபாய் என்றால் ஓர் ஆட்டத்துக்கு 20 ரூபாய். மணிக்கு 60 ஆட்டம் என்றால் 1,200 ரூபாய். நீங்கள் கேட்கும் ஒரு லட்சத்துக்கு மாதம் 83 மணி நேரம் மேசையில் உட்கார வேண்டும். அதுவும் சராசரிக் கணக்குதான். 100 ஆட்டத்தில் வர வேண்டிய லாபம் 2,000 ரூபாய். ஆனால் இருபதாயிரத்துக்கு மேல் ஏறுவதும் இறங்குவதும் சகஜம். 10,000 ஆட்டம் ஆடிய பிறகும், ஒரு பிழையும் செய்யாதவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் நட்டத்தில்தான் இருப்பார். அந்த மாதங்களிலும் வீட்டு வாடகைக்குத் தேதி தள்ளிப்போகாது. கைமுதலிலிருந்து குடும்பச் செலவுக்கு எடுக்க எடுக்க, அது கரைந்துபோகும் வாய்ப்பும் கூடிக்கொண்டே போகும்.

உங்கள் கடிதத்தில் வரி என்ற சொல்லே இல்லை. எனக்குத் திகைப்பு அதில்தான். நம் வருமான வரிச் சட்டப்படி சீட்டாட்டத்தில் வென்ற தொகைக்கு 30 சதவீதம் வரி. செலவைக் கழிக்க முடியாது, தோற்றதையும் ஈடுகட்ட முடியாது. ஆண்டில் வென்ற நாட்களில் 20 லட்சம் வந்து, தோற்ற நாட்களில் 16 லட்சம் போனால் கையில் நிற்பது 4 லட்சம். வரியோ 6 லட்சம், செஸ் தனி. ஜெயித்த ஆண்டிலேயே 2 லட்சம் கடன்! பந்தயம் கட்டப் பணத்துக்குப் பதில் தரும் சில்லுகளை வாங்கும் தொகைக்கு 2025 செப்டம்பர் முதல் 40 சதவீத ஜிஎஸ்டி வேறு. அதன் பாரம் முழுவதையும் கேசினோ தானே ஏற்காவிட்டால், 1 சதவீத அனுகூலம் எந்த மூலைக்கு?

இவ்வளவும் உங்களை ஆடவிட்டால்தான். இயந்திரம் இடைவிடாமல் சீட்டைக் கலைத்தாலோ, முதல் இரு சீட்டிலேயே ஏஸும் பத்தும் வரும் ‘பிளாக்ஜாக்’குக்கு 3:2 தருவதை (100 ரூபாய்க்கு 150) 6:5 (100 ரூபாய்க்கு 120) ஆக்கினாலோ எண்ணும் வித்தைக்கு அங்கே பெரிதாக வேலையில்லை. லாஸ் வேகாஸிலேயே சீட்டு எண்ணுவது குற்றமல்ல. ஆனால் எண்ணுகிறவரைக் கேசினோ வெளியே அனுப்பலாம். அங்கேயாவது பக்கத்துக் கேசினோவுக்குப் போகலாம். நமக்கோ பெங்களூரிலிருந்து இரவு பஸ் ஏறினால் கோவாவின் மாண்டவி ஆற்றில் விரல்விட்டு எண்ணக்கூடிய கேசினோக் கப்பல்கள். ஒன்றில் முகம் பதிந்துவிட்டால் மற்றவற்றில் எத்தனை நாள்?

ஆகவே வேலையை விடாதீர்கள். மாதச் சம்பளத்தோடு அலுவலக மருத்துவக் காப்பீடும் போய்விடும், அதை யோசித்தீர்களா? இந்த வரிக் கணக்கை ஒரு பட்டயக் கணக்காளரிடம் உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். நிகழ்தகவில் இத்தனை தேர்ச்சி உள்ளவருக்குக் காப்பீட்டுக் கணிப்பிலும் தரவுப் பகுப்பாய்விலும் மாதச் சம்பளத்தோடு இடம் இருக்கிறது. இரண்டு ஆண்டு உழைப்பு வீணாகக் கூடாது என்ற அக்கறையில்தான் இதைச் சொல்கிறேன்.

12 லட்சத்தையும் கைமுதல் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் 3 லட்சம் ஒருவர் மாதாமாதம் வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்துக் கட்டியது. எதற்காகக் கட்டினார் என்று கேட்டீர்களா? அந்தப் பணத்தை இன்றே அவர் கணக்குக்கு மாற்றிவிட்டு, எனக்கு எழுதிய கடிதத்தின் நகலை அவரிடம் கொடுங்கள்.