கம்பியில்லா நெட்வொர்க்குகள்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: சார், புளூடூத், வைஃபை, மொபைல் டேட்டா எல்லாமே ரேடியோ அலைதானே? அப்புறம் எதற்கு இத்தனை வகை?

பதில்: எல்லாம் ரேடியோ அலைதான். ஆனால் தூரம், வேகம், பேட்டரி சிக்கனம் மூன்றும் ஒருசேரக் கிடைக்காது. புளூடூத் தூரத்தையும் வேகத்தையும் விட்டுக்கொடுத்து பேட்டரியை மிச்சம் பிடிக்கிறது. இயர்பட்ஸின் துளியூண்டு பேட்டரி மணிக்கணக்கில் தாங்குவது அதனால்தான். வைஃபை வீட்டளவுக்கு வேகம் தரும். மொபைல் நெட்வொர்க் ஊரையே சிறு சிறு செல்களாகப் பிரித்துக்கொள்ளும். நீங்கள் பஸ்ஸில் போய்க்கொண்டே பேசினால், ஒரு டவர் அடுத்த டவரிடம் அழைப்பை ஒப்படைக்கும், பேச்சு அறுபடாது. எந்த நெட்வொர்க்கைப் பற்றிப் படித்தாலும், அது எதை விட்டுக்கொடுத்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். பாதி புரிந்துவிடும்.

கேள்வி: என் ரூட்டர் 2.4, 5ஜி என்று இரண்டு பெயர் காட்டுகிறது. படுக்கையறையில் 5ஜி எடுக்கவே மாட்டேன் என்கிறது. ரூட்டரில் கோளாறா?

பதில்: கோளாறு இல்லை. முதலில் ஒன்று: அந்த 5ஜிக்கும் மொபைல் 5ஜிக்கும் சம்பந்தமே கிடையாது. இது 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. வேகம் அதிகம், ஆனால் சுவர் குறுக்கே வந்தால் சட்டென்று பலம் இழக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டி வரும். அங்கே நெரிசல்தான் தொல்லை. பக்கத்து வீட்டு ரூட்டர்கள், புளூடூத், மைக்ரோவேவ் அவன் எல்லாம் அதே இடத்தில்தான். ஓர் அலைவரிசைக்குள் பிரித்த சிறு பாதைகளைச் சானல் என்பார்கள். 2.4-ல் 1, 6, 11 ஆகிய சானல்கள் மட்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் நிற்கும். உங்கள் ரூட்டர் 3-ல் இருந்தால், 1-ல் இருப்பவரோடும் மோதும், 6-ல் இருப்பவரோடும் மோதும். அந்த மூன்றில் நெரிசல் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். ரூட்டரை அலமாரிக்குள்ளோ டிவிக்குப் பின்னாலோ ஒளித்து வைக்காதீர்கள். வீட்டுக்கு நடுவே, கொஞ்சம் உயரத்தில், திறந்தாற்போல் இருக்கட்டும்.

கேள்வி: அத்தனை நெரிசலில் என் ஹெட்போன் மட்டும் எப்படித் தடங்கலில்லாமல் பாடுகிறது?

பதில்: அருமையான கேள்வி. புளூடூத் ஓரிடத்தில் நிற்பதே இல்லை. பாட்டு கேட்கும் வழக்கமான புளூடூத், 79 சானல்களுக்குள் நொடிக்கு 1600 முறை வரை தாவும். எந்தச் சானலில் இரைச்சல் என்று கவனித்து, அதை விட்டுவிட்டுத் தாவவும் அதற்குத் தெரியும். கம்பியில்லா நுட்பங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

கேள்வி: ஸ்மார்ட் பல்பில் ஜிக்பீ என்று போட்டிருக்கிறதே?

பதில்: பல்ப் போன்ற சிறு வீட்டுக் கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் கம்பியில்லா முறைதான் ஜிக்பீ. 2.4-ல் நொடிக்கு 250 கிலோபிட்தான், வீடியோவுக்கு ஆகாது. ஆனால் ஒரு பல்ப் அடுத்த பல்புக்குச் செய்தியைக் கடத்திவிடும். ரூட்டர் எட்டாத மூலைக்கும் போய்ச் சேரும்.

கேள்வி: சாட்டிலைட் இணையத்தில் பேசினால் பதில் தாமதமாக வருவது ஏன்?

பதில்: புவிநிலை செயற்கைக்கோள், அதாவது பூமியோடு சேர்ந்தே சுற்றுவதால் வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரிவது, நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. நீங்கள் பேசுவது மேலே ஏறி இறங்கி, பதிலும் அப்படியே ஏறி இறங்க, ஏறக்குறைய அரை நொடி ஆகிவிடும். ஒளியின் வேகமே அவ்வளவுதான், கருவியை மாற்றிப் பயனில்லை. சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் இந்தத் தாமதம் வெகுவாகக் குறையும். ஆனால் ஒவ்வொன்றும் தலைக்கு மேலே சில நிமிடங்களில் கடந்துவிடுவதால், கூட்டமாக ஏவ வேண்டியிருக்கிறது.