செர்ரியும் மேப்பிளும் ஒரே துணியில்: எந்த மாதம் மாட்டுவது?

கேள்வி: பழைய கிமோனோ பட்டுத் துண்டு ஒன்றை வாங்கிச் சட்டம் போட்டிருக்கிறேன். செர்ரிப் பூவும் சிவந்த மேப்பிள் இலையும் கலந்திருக்கின்றன. ஜப்பானியர்கள் பருவம் பார்த்துத்தான் எதையும் மாட்டுவார்களாமே! அப்படியானால் இது போலியா? எந்த மாதம் மாட்டலாம்?

பதில்: இந்தக் கலவையை வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. வசந்தத்தின் செர்ரியையும் இலையுதிர் காலத்து மேப்பிளையும் சேர்த்து வரைவது அங்கே பழைய வழக்கம். கியோட்டோக் குயவர்களின் கிண்ணங்களில் இந்த அலங்காரத்துக்கு ‘உன்கின்’ என்று தனிப் பெயரே உண்டு. இரு பருவமும் இருப்பதால் எந்த மாதமும் மாட்டலாம்.

ஆனால் அது செர்ரிதானா? இதழ் நுனியில் சிறு பிளவு இருந்து, பூ நீண்ட காம்பில் தொங்கினால் செர்ரி. இதழ் உருண்டையாக, பூ கிளையோடு ஒட்டியிருந்தால் பிளம். பிளம் குளிர் போவதற்குள் பூத்துவிடும். பைனும் மூங்கிலும் கூட இருந்தால் மங்கலச் சின்னம். புத்தாண்டுக்கும் கல்யாணத்துக்கும் அதுதான்.

ஒற்றைப் பூவை வைத்து மாதம் சொல்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மேப்பிள் இலை ஓடும் நீரில் மிதந்தால் அது ஜப்பானின் நாரா பகுதியில் மேப்பிளுக்குப் பேர்போன தட்சுதா ஆறு, சுத்தமான இலையுதிர் காலம். மானோடு வந்தாலும் அப்படியே. கோடையில் உடுத்தும் யுகாதாவிலோ பனித்துகள் வடிவம் வரும்; பார்க்கவே குளிர்ச்சியாக இருக்கட்டும் என்றுதான்! பழகிக்கொள்ள ஹனாஃபுடா சீட்டுக்கட்டு நல்ல வழி: 48 சீட்டு, மாதத்துக்கு நான்கு. பிப்ரவரிக்குப் பிளம், மார்ச்சுக்குச் செர்ரி, செப்டம்பருக்குச் செவ்வந்தி. பழைய நாட்காட்டிக் கணக்கு என்பதால் சில வாரம் முன்பின் இருக்கும்.

ஒரே பருவத்துத் துண்டு கிடைத்தால், பூ மலர்வதற்குச் சற்று முன்பே மாட்டுங்கள். கிமோனோ உடுத்துபவர்களும் பருவத்தை முந்திக்கொள்வதையே ரசனை என்பார்கள்.

எந்தப் பருவமானாலும் ஆண்டு முழுக்கச் சுவரில் விடாதீர்கள். பட்டுக்கும் சாயத்துக்கும் வெளிச்சம் எதிரி. பழைய ஜப்பானிய ஓவியர் ஒகாதா கோரின் வரைந்த ஐரிஸ் மடக்குத் திரைகளை டோக்கியோவின் நெசு அருங்காட்சியகம், தன் தோட்டத்தில் ஐரிஸ் பூக்கும் ஏப்ரல்-மே வாக்கில் சில வாரங்கள்தான் காட்சிக்கு வைக்கிறது. நீங்களும் இரண்டு மூன்று மாதம் மாட்டிவிட்டு, சட்டத்தோடு ஈரம் படாத இருட்டு அலமாரியில் வையுங்கள். மாட்டும் சுவரில் நேர் வெயில் விழக் கூடாது.