லேப்டாப்பில் டிவிடி டிரைவ் போய்விட்டது, வீட்டு விசேஷ டிவிடிகளை எப்படிப் பார்ப்பது?

2008-ல் எடுத்த கல்யாண டிவிடி இருக்கிறது, லேப்டாப்பில் போட்டால் சுற்றுகிறது, படம் வரவில்லை, டிரைவைச் சரிசெய்வதா புதிது வாங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள். மதுரையில் லேப்டாப் சர்வீஸ் செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: வெளியே மாட்டும் யுஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்று வாங்குங்கள். உள்ளே இருப்பதைக் கழற்றி மாற்றச் செலவு செய்யாதீர்கள். ஆனால் டிரைவ் கைக்கு வந்ததும் குடும்பத்தோடு உட்கார்ந்து படம் பார்க்க ஆரம்பித்துவிடாதீர்கள். முதலில் காப்பி எடுங்கள், பிறகு பாருங்கள்.

அதற்கு முன்னால் டிரைவ் உண்மையிலேயே போய்விட்டதா என்று பார்த்துவிடுங்கள். "டிரைவ் அவுட்டு" என்று கடைக்கு வரும் லேப்டாப்புகளில் பலவற்றுக்கு ஒன்றுமே ஆகியிருக்காது. விண்டோஸ் 8-லிருந்து டிவிடி படம் ஓட்டும் வசதி கூடவே வருவதில்லை. பழைய விண்டோஸ் 7 லேப்டாப்பில் 10 ஏற்றிக்கொடுத்திருப்பார்கள், அன்றிலிருந்து டிவிடி ஓடாது, பழி டிரைவ் மேல் விழும். விஎல்சி பிளேயர் இலவசம், அதைப் போட்டுப் பாருங்கள். கம்ப்யூட்டரில் டிரைவ் ஐகானே காணவில்லை என்றால், விண்டோஸில் உள்ள டிவைஸ் மேனேஜரில் போய், டிரைவ் பெயர் மஞ்சள் ஆச்சரியக்குறியோடு இருந்தால் அன்இன்ஸ்டால் கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள், பல நேரம் திரும்பி வந்துவிடும்.

பாட்டு சிடி ஓடுகிறது, டிவிடி மட்டும் ஓடவில்லையா? அப்படியானால் லேசர் தேய்ந்திருக்கும். சிடி படிக்க 780 நானோமீட்டர் லேசர், டிவிடிக்கு 650. ஒன்று போனாலும் மற்றது வேலை செய்யும். இன்னொன்று, லேப்டாப் டிரைவில் தட்டை இழுத்தால் கண்ணாடி மாதிரி சின்ன லென்ஸும் கூடவே வெளியே வரும். டெஸ்க்டாப் டிரைவில் அது பெட்டிக்குள்ளேயே இருக்கும். நம் ஊர்ப் புழுதிக்கு வேறு என்ன வேண்டும்? காது குடையும் பஞ்சுக்குச்சியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் லேசாகத் தொட்டு, அழுத்தாமல் துடைத்துவிட்டு ஒருமுறை போட்டுப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் விட்டுவிடலாம்.

வெளி டிரைவ் ஆயிரத்துச் சொச்சத்திலிருந்து மூவாயிரத்துக்குள் கிடைக்கும். டவுன்ஹால் ரோடு, மீனாட்சி பஜார் பக்கம் வாங்குவதானால் உங்கள் டிவிடியையே கையில் கொண்டுபோய்க் கடையில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் வைத்திருக்கும் புது டிஸ்க் எந்த டிரைவிலும் ஓடும். வாங்கி வந்தபின் டிரைவ் டிக் டிக்கென்று சத்தம் போட்டு, சுற்ற ஆரம்பித்து நின்றுபோனால் பதறவேண்டாம், கரன்ட் பத்தவில்லை என்று அர்த்தம். பழைய யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர்தான் தரும், 3.0 போர்ட் 900 தரும். டிஸ்க் சுற்றத் தொடங்கும் நொடியில் இதைவிட அதிகமாகவே சில டிரைவ்கள் இழுக்கும். ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் ஹப்பில் செருகாதீர்கள், நேராக லேப்டாப்பில் செருகுங்கள். சில டிரைவோடு இரண்டு யுஎஸ்பி முனை வைத்த கேபிள் வரும், இரண்டையும் செருகவேண்டும்.

வீட்டில் போர்டு போன பழைய லேப்டாப் பரணில் கிடந்தால் இன்னும் மலிவான வழி இருக்கிறது. பெரும்பாலான மாடல்களில் அடியில் ஒரே ஒரு ஸ்க்ரூவைக் கழற்றினால் டிரைவ் முழுசாக வெளியே வந்துவிடும். சாட்டா என்ற வகை இணைப்பு முனை உள்ள டிரைவாக இருந்தால், அதைப் போட்டு யுஎஸ்பியாக மாற்றும் காலிப் பெட்டி சில நூறு ரூபாய்தான். வாங்குமுன் தடிமனை அளந்துகொள்ளுங்கள். 12.7 மில்லிமீட்டர், 9.5 மில்லிமீட்டர் என்று இரண்டு அளவு உண்டு, மாறினால் உட்காராது.

இனி காப்பி விஷயம். உசிலம்பட்டிப் பக்கமிருந்து எனக்கு அத்தை முறையாகும் ஒருவர், மகன் காதுகுத்து டிவிடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஊர்வலமும் வேண்டாம், காது குத்துவதும் வேண்டாம். "மொய் எழுதுன எடம் மட்டும் வந்தாப் போதும்ப்பா. நோட்டைக் கறையான் அரிச்சிருச்சு. எவன் எவ்வளவு செஞ்சான்னு தெரியாம அவன் வீட்டு விசேசத்துல போயி எப்படி நிக்கிறது?" என்றார். எங்கள் பக்கம் மொய்யை மைக்கில் ஊர் பேரோடு வாசிப்பார்கள் என்பதால், அந்த வீடியோவே மொய் நோட்டுதான். வழக்கமாக ஸ்டூடியோவில் அந்த இடத்தில் சினிமாப் பாட்டைப் போட்டு அமுக்கிவிடுவார்கள். நல்லவேளையாக இதில் சத்தத்தை அப்படியே விட்டிருந்தார்கள்.

சிக்கல் என்னவென்றால், டிவிடி உள்வட்டத்திலிருந்து வெளி ஓரம் நோக்கிப் பதிவாகும். விரல் படுவதும் கீறல் விழுவதும் ஓரத்தில்தான். மொய் வருவதோ கடைசியில். "கருமாத்தூர்... ஐநூத்தி ஒன்னு" வரைக்கும் வந்து படம் உறைந்து நின்றது. மேலே மாப்பிள்ளைக் கோலத்தில் பையன் படம் அச்சடித்த காகித ஸ்டிக்கர் வேறு, ஒரு பக்கம் உரிந்து, சுற்றும்போது டிரைவே அதிர்ந்தது. டிஸ்க்கை மெல்லிய ஈரத்துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைத்து (வட்டமாகத் துடைக்கவே கூடாது), வேறு டிரைவுக்கு மாற்றி, லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளில் இரவு முழுக்க ஓடவிட்டேன். முதலில் நன்றாக இருக்கும் பகுதிகளை எடுத்துவிட்டு, பிறகு கெட்ட இடங்களைத் திரும்பத் திரும்பப் படிக்கப் பார்க்கும் மென்பொருள் அது. சில பெயர்கள் போனது போனதுதான், மீதி வந்தது. அத்தை என் கடையிலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பாஸ் பண்ணிப் பண்ணிப் புது நோட்டில் எழுதிக்கொண்டு போனார்.

அதனால்தான் சொல்கிறேன், ஒவ்வொரு முறை ஓட்டிப் பார்ப்பதும் இப்படிப்பட்ட டிஸ்க்குக்குச் சோதனை. நன்றாக ஓடும் டிஸ்க் என்றால் வீடியோ டிஎஸ் ஃபோல்டரை அப்படியே ஹார்ட் டிஸ்க்கில் போட்டுவிடுங்கள். ஸ்டூடியோ டிவிடிகளில் பொதுவாகக் காப்பி எடுப்பதைத் தடுக்கும் பூட்டு இருக்காது. உள்ளே படம் விஓபி என்ற ஃபைல்களாக ஒவ்வொரு ஜிபியாக வெட்டப்பட்டிருக்கும். ஒவ்வொன்றாக மாற்றினால் தாலி கட்டும் நேரத்தில் துண்டாகும் ஆபத்து உண்டு, எனவே ஃபோல்டரையே ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் கொடுத்து எம்பி4 ஆக்குங்கள். விசிடி என்றால் டேட் (.dat) ஃபைல் இருக்கும், அதையும் விஎல்சி ஓட்டும். 352க்கு 288 புள்ளிதான், பெரிய டிவியில் மங்கலாகத்தான் தெரியும், அதற்கு யாரும் ஒன்றும் செய்யமுடியாது. பாட்டு சிடியில் தெரியும் சிடிஏ ஃபைல்களைக் காப்பி செய்து ஏமாறாதீர்கள். ஒவ்வொன்றும் 1 கேபி குறிப்புச் சீட்டு, பாட்டு அதில் இல்லை. ரிப் செய்துதான், அதாவது மென்பொருள் வைத்துப் பாட்டை ஃபைலாக மாற்றித்தான் எடுக்கவேண்டும்.

ஹேண்டிகேமில் எடுத்த 8 சென்டிமீட்டர் குட்டி டிவிடி இருந்தால், அந்தக் கேமராவிலேயே ஃபைனலைஸ், அதாவது மற்ற பிளேயரிலும் ஓடும்படி பதிவை முடித்து மூடுவது, செய்திருக்கவேண்டும். செய்யாததைச் சாதாரண பிளேயர் எதுவும் கண்டுகொள்ளாது, கேமரா உயிரோடு இருந்தால் முதலில் அதைத் தேடுங்கள்.

டிரைவை நேராக டிவி யுஎஸ்பியில் மாட்டலாமா என்று அடுத்து கேட்பீர்கள். பெரும்பாலான டிவி கண்டுகொள்ளாது. எம்பி4 ஆக்கிய படத்தைப் பென்டிரைவில் போட்டால் ஓடும்.