ஒளிப்படக் கேள்வி–பதில்: வளவும் சதுரமும்

செட்டிநாட்டு ஊர்களிலிருந்து இந்த மாதம் வந்த கடிதங்களில் ஐந்து ஒரே பொருளைப் பற்றியவை: 120 என்னும் அகலமான ரோல் பிலிமில் எடுக்கும் சதுரப் படம். மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இவற்றுக்கு மட்டும் இங்கே விடை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டு மாடியறைப் பெட்டகத்தில் ஐயா காலத்து இரட்டை லென்ஸ் கேமரா ஒன்று கிடைத்தது. மேலிருந்து குனிந்து பார்த்தால் சதுரக் கண்ணாடியில் எங்கள் வளவு, அதாவது வீட்டின் நடுமுற்றம், முழுவதும் தெரிகிறது. ஆனால் இடம் வலமாக மாறித் தெரிகிறது. அந்தக் காலத்தில் ஏன் சதுரத்தை விரும்பினார்கள்? இன்றும் சிலர் அதைத் தேடிப் போவது ஏன்?
— வாசகர், கானாடுகாத்தான்

சதுரத்தை முதலில் யாரும் அழகு கருதித் தேர்ந்தெடுத்ததாக நான் நம்பவில்லை. கேமராவின் உடலமைப்பு கேட்டதால் அது வந்தது. ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் இருந்த பிராங்கே–ஹைடெக்கே நிறுவனம் 1929-ல் ரோலிபிளெக்ஸ் கேமராவை வெளியிட்டது. அதில் கீழ் லென்ஸ் பிலிமுக்கு உரியது. மேல் லென்ஸ் வழியாக வரும் காட்சியைச் சாய்வாக வைத்த கண்ணாடி ஒன்று மேலே உள்ள மங்கல் கண்ணாடியில் விழச் செய்யும். ஒரே ஒரு கண்ணாடியில் பட்டுத் திரும்புவதால்தான் உங்கள் வளவில் இடம் வலமாகத் தெரிகிறது. மார்புக்குக் கீழே பிடித்துக் குனிந்து பார்க்கும் இந்தக் கேமராவைக் குத்துப்படத்துக்காகப் பக்கவாட்டில் திருப்பினால், எடுப்பவர் உடம்பை வளைத்துப் பக்கத்திலிருந்து பார்க்க நேர்வதோடு, காட்சியும் தலைகீழாகிவிடும். சதுரத்தில் அந்தத் தொல்லை இல்லை. எடுத்து வைத்துக்கொண்டு, குத்தோ கிடையோ, இருட்டறையில் வெட்டிக்கொள்ளலாம். தவிர, லென்ஸ் தருவது வட்டமான பிம்பம். வட்டத்துக்குள் அடங்கும் செவ்வகங்களில் மிகுந்த பரப்புள்ளது சதுரம். இந்த இலாபக் கணக்கை உங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் வசதிக்காக வந்த வடிவம், நாளடைவில் தனக்கென ஒரு பார்வையை உண்டாக்கிக்கொண்டது. கிடைப்படத்தில் கண் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நடந்து போகும். குத்துப்படத்தில் கீழிருந்து மேலே ஏறும். சதுரத்தில் நான்கு ஓரங்களும் நடுவிலிருந்து சம தூரத்தில் நிற்பதால், கண்ணுக்குப் போக்கிடம் எதுவும் சொல்லப்படுவதில்லை. பட்டாலை என்னும் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தவரைப் போல அது ஒரே இடத்தில் இருந்துகொண்டு சுற்றுமுற்றும் பார்க்கத் தொடங்கும். முகப்பில் நின்றபடி வளவு, இரண்டாங்கட்டு, பின்கட்டு என்று ஒரே நேர்கோட்டில் திறந்து கிடக்கும் வாசல் நிலைகளை இந்தக் கேமராவில் பாருங்கள். நிலைக்குள் நிலையாக அவை சிறுத்துக்கொண்டே போய் நடுவில் ஒரு வெளிச்சப் புள்ளியாக முடிவதைக் கிடைப்படம் இருபுறச் சுவர்களைக் காட்டிச் சிதறடித்துவிடும். சதுரம் கலைக்காமல் வைத்திருக்கும்.

குனிந்து பார்க்கும் நிலையும் இந்த ஈர்ப்பில் பாதிப் பங்கு வகிக்கிறது என்பது என் எண்ணம். கண்ணோடு ஒட்டிய கேமரா எதிரில் இருப்பவருக்கு ஒரு முகமூடி. மார்பில் தொங்கும் கேமராவுக்கு மேலே எடுப்பவரின் முகம் திறந்தே இருக்கிறது. ஆச்சி ஒருவரை ஊஞ்சலில் உட்காரவைத்துப் படமெடுக்கும்போது, நீங்கள் நிமிர்ந்து நாலு வார்த்தை பேசலாம், பிறகு தலையைத் தாழ்த்தலாம். அவருக்கு அது மிரட்டலாகத் தெரியாது. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகை ஒளிப்படக்காரர் என்று போற்றப்படும் ஹோமாய் வியாரவல்லா கையாண்ட கேமராக்களிலும் ரோலிபிளெக்ஸ் ஒன்று. கூட்டத்துக்குப் பின்னால் சிக்கிக்கொண்ட பத்திரிகைக்காரர்கள் இதே வகைக் கேமராவைத் தலைக்கு மேலே கவிழ்த்துத் தூக்கி, அண்ணாந்து பார்த்து எடுத்ததும் உண்டு.

இனி அளவுக் கணக்கு. 'ஆறுக்கு ஆறு' என்று செண்டிமீட்டரில் சொன்னாலும், நெகட்டிவில் விழும் படம் 56 மில்லிமீட்டர் சதுரம்தான். சாதாரண 35 மி.மீ. பிலிமின் 24க்கு 36 படத்தோடு ஒப்பிட்டால், பரப்பு மூன்றரை மடங்குக்கும் சற்று அதிகம். பெரிதாக்கும்போது பிலிமின் மணல்மணலான தன்மை குறைந்து, வெண்மைக்கும் கருமைக்கும் இடையிலுள்ள சாம்பல் நிறங்கள் படிப்படியாக இறங்கி வரும். முட்டை வெண்கரு சேர்த்துத் தேய்த்த செட்டிநாட்டுச் சுவரின் மினுமினுப்பைக் கறுப்பு வெள்ளையில் பிடிக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. ஒரு ரோலில் 12 படம் என்ற வரம்பையும் பலர் சிறப்பாகச் சொல்கிறார்கள். அது உண்மையே என்றாலும், கைச்செலவைச் சிறப்பு என்று சொல்லித் தேற்றிக்கொள்வதும் அதில் கொஞ்சம் கலந்திருக்கிறது.

கைபேசியில் எடுத்த படத்தையே சதுரமாக வெட்டிக்கொள்ள முடியும்போது, இத்தனை சிரமம் எதற்கு?
— கல்லூரி மாணவி, பள்ளத்தூர்

வெட்டிக்கொள்ளலாம், தவறில்லை. 2010-ல் தொடங்கிய இன்ஸ்டாகிராம் 2015 வரை சதுரத்தை மட்டுமே ஏற்றதால், உங்கள் தலைமுறைக்கு இந்த வடிவம் எங்களைவிட முன்னதாகவே பழகிவிட்டது. வேறுபாடு வெட்டும் நேரத்தில் இருக்கிறது. எடுத்தபின் வெட்டுபவர், ஏற்கெனவே நீளமாகப் பார்த்த ஒன்றிலிருந்து இரு ஓரங்களைக் கழிக்கிறார். சதுரக் கண்ணாடியில் பார்ப்பவருக்குக் கழிக்க எதுவும் இல்லாததால், தூணை ஓரத்தில் நிறுத்துவதா நடுவில் நிறுத்துவதா என்பதை அங்கேயே தீர்த்தாக வேண்டும். செலவில்லாமல் இதைப் பழக ஒரு வழி உண்டு. கைபேசிக் கேமராவின் அமைப்பில் ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தை முன்னதாகவே வைத்துக்கொண்டு, ஒரு மாதம் வேறு எதிலும் எடுக்காமல் இருந்து பாருங்கள். அதன்பிறகும் ஆசை தணியவில்லை என்றால் பிலிமுக்கு வாருங்கள்.

வளவைப் படமெடுத்தால் வானம் வெளுத்துவிடுகிறது, அல்லது பட்டாலை இருண்டுவிடுகிறது. வீட்டு முகப்பை எடுத்தால் தூண்கள் உள்நோக்கிச் சாய்கின்றன. என்ன செய்வது?
— வாசகர், தேவகோட்டை

இரண்டும் நம் பக்கத்து வீடுகளுக்கே உரிய சிக்கல்கள். உச்சிவெயில் விழும் வளவு வாசலுக்கும் பட்டாலையின் உள்மூலைக்கும் இடையே வெளிச்சம் நூறு மடங்குக்கு மேலும் வேறுபடக்கூடும். எனவே முதல் மருந்து நேரம்: வெயில் வளவுக்குள் நேராக இறங்குவதற்கு முன்பான காலையில், அல்லது மேகம் மூடிய நாளில் எடுங்கள். அதற்கும் வழியில்லை என்றால், கறுப்பு வெள்ளை நெகட்டிவ் பிலிமில், விவரம் தெரிந்தே தீர வேண்டிய நிழலுக்கு ஒளி மீட்டரைக் காட்டி அளந்து, அது சொல்லும் அளவிலிருந்து இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) குறைத்து எடுத்துவிட்டு, பிலிமைக் கழுவும்போது டெவலப்பரில் இருக்கும் நேரத்தை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைக்கச் சொல்லுங்கள். வானம் வெளுக்காமல் தப்பிக்கும். சிலைடு பிலிமில் இந்தக் கணக்கு எடுபடாது. அங்கே வெளிச்சத்துக்குத்தான் அளக்க வேண்டும்.

முகப்பிலிருந்து பின்கட்டு வரை எல்லாமே தெளிவாக வேண்டுமானால், 80 மி.மீ. லென்ஸை எஃப் 16 என்னும் சிறிய துளையில் வைத்து எட்டு மீட்டர் தூரத்துக்குப் போகஸ் செய்யுங்கள்; நான்கு மீட்டருக்கு அப்பால் உள்ளவை ஏறத்தாழ அனைத்தும் தெளிவெல்லைக்குள் வந்துவிடும். உள்ளே அந்த அளவுக்கு மூடினால் ஷட்டர் ஒரு நொடிக்கு மேல் திறந்திருக்க வேண்டியிருக்கும். முக்காலியும் கேபிள் ரிலீசும் இல்லாமல் இறங்காதீர்கள். ஒரு நொடியைத் தாண்டினால் பிலிம் சோம்பத் தொடங்கும் என்பதால், மீட்டர் சொல்வதைவிடக் கூடுதலாகவே திறந்து வைக்க வேண்டும்.

தூண்கள் சாய்வதற்குக் காரணம், மாடியையும் சேர்க்கும் ஆசையில் கேமராவை அண்ணாந்து பார்க்க வைப்பது. இங்கேதான் சதுரம் கைகொடுக்கிறது. கேமராவைச் சிறிதும் சாய்க்காமல் மட்டமாகப் பிடியுங்கள். படத்தின் கீழ்ப்பாதியில் வெறும் தெருவும் மண்ணும் வந்து விழும், விழட்டும். பிரிண்ட் போடும்போது அதை வெட்டி எறிந்துவிட்டால், தூண்கள் நேராக நிற்கும் கிடைப்படம் ஒன்று மிஞ்சும். கட்டடப் படக்காரர்கள் லென்ஸை மேலே உயர்த்தும் விலையுயர்ந்த கேமராவில் செய்வதை, நீங்கள் கத்தரிக்கோலால் செய்கிறீர்கள். ஆனால் தூரம் வேண்டும். முப்பது அடி உயர முகப்பு இப்படி அடங்க, 80 மி.மீ. லென்ஸோடு எழுபத்தைந்து அடியாவது பின்னால் போக வேண்டும். அதற்குள் எதிர்வீட்டுத் திண்ணை முதுகில் இடித்துவிடும். அப்படிப்பட்ட தெருவில் முழு முகப்பையும் விட்டுவிட்டு, ஒரு தூணும் அதன் உச்சியிலுள்ள போதிகையும் போதும் என்று நிற்பதே மேல். காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீட்டைப் போல நீண்டு கிடப்பதைச் சதுரத்துக்குள் திணிக்கப் பார்ப்பதை நான் வீண்வேலை என்றே சொல்வேன்.

சதுரத்துக்கென்றே வார்த்தது போன்ற பொருள் ஒன்று உங்கள் காலடியில் இருக்கிறது. கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி வார்க்கும் ஆத்தங்குடிக் கல் தானே ஒரு சதுரம். இரட்டை லென்ஸ் கேமராக்களில் பெரும்பாலானவை ஒரு மீட்டர் வரைதான் நெருங்கும். அந்தத் தூரத்தில் படத்துக்குள் அடங்குவது சுமார் இரண்டடிக்கு இரண்டடி. எட்டு அங்குலக் கல்லானால் மூன்றுக்கு மூன்று, ஒன்பது கற்கள் ஓரத்தோடு ஓரம் பொருந்தி நிற்கும். முக்காலியில் லென்ஸைத் தரையை நோக்கிக் கவிழ்த்துவிட்டு, கேமராவின் உயரத்துக்குத் தாழ்ந்து உட்காருங்கள். மங்கல் கண்ணாடி உங்கள் முகத்துக்கு நேராக வந்துவிடும்.

பழைய கேமரா வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?
— வாசகர், காரைக்குடி

முதலில் அது 120 பிலிமை ஏற்கிறதா என்று பாருங்கள். 620 என்று எழுதியிருந்தால் சுருள் பொருந்தாது. ஷட்டரை ஒரு நொடி, அரை நொடி வேகங்களில் இயக்கிப் பாருங்கள். எண்ணெய் இறுகிய கேமரா அங்கேதான் திணறும். லென்ஸுக்குப் பின்னாலிருந்து டார்ச் அடித்தால், நூல் போலப் படர்ந்த பூஞ்சை இருந்தால் தெரிந்துவிடும். யாஷிகா மேட் 124ஜி போன்றவற்றில் மீட்டர் பாதரசப் பேட்டரிக்கென்று அமைந்தது. அந்தப் பேட்டரி இப்போது இல்லாததால், மாற்றுப் பேட்டரியில் அது காட்டும் அளவை நம்பிவிடாமல் கைபேசி மீட்டரோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். 1957-ல் வந்த ஹாசல்பிளாட் 500சி வரிசைக்கு ஆசைப்படுபவர்கள், பிலிம் இருக்கும் பின்பெட்டியில் வெளிச்சம் கசிகிறதா என்பதையும் சோதிக்க வேண்டும்.

மேல் லென்ஸ் பார்ப்பதைக் கீழ் லென்ஸ் அப்படியே பார்ப்பதில்லை என்பதையும் மறக்காதீர்கள். சில கேமராக்கள் இதைத் தாமே சரிசெய்துகொள்ளும், சில செய்யா. நான் இந்தக் கேமராவுக்குப் புதியவனாக இருந்தபோது, கண்டாங்கிச் சேலையில் கம்பீரமாக உட்கார்ந்திருந்த ஆச்சி ஒருவரை ஒரு மீட்டர் தூரத்தில் கண்ணாடியில் கச்சிதமாக அடக்கி, நெற்றிக்கு மேல் எதுவுமில்லாத 12 படங்களை எடுத்துக்கொண்டு வந்தேன். "கொண்டையை எங்கேப்பா வச்சுட்டு வந்தே?" என்று அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. கிட்டத்தில் எடுக்கும்போது, கட்டம் அமைத்து முடித்தபின் இரண்டு லென்ஸ்களுக்கும் இடையிலுள்ள தூரம் எவ்வளவோ அவ்வளவு கேமராவை உயர்த்தினால் போதும்.

எங்கள் வீட்டு ஆல்பத்தில் இரண்டேகால் அங்குலச் சதுரப் படங்கள் நிறைய உள்ளன. சுவரில் மாட்டியவை மட்டும் நீள்சதுரம். எல்லாம் ஒரே கேமராவில் எடுத்தவை என்கிறார்கள். அப்படியானால் சுவரில் உள்ளவை வெட்டப்பட்டவையா? வெட்டுவது முறைதானா?
— வாசகர், கோட்டையூர்

சொன்னது சரியாகத்தான் இருக்கும். ஆல்பத்தில் உள்ளவை நெகட்டிவைத் தாளின்மேல் நேராக வைத்துப் போட்ட காண்டாக்ட் பிரிண்டுகள். ஆகவே முழுச் சதுரமும் இருக்கிறது. பெரிதாக்கும்போது ஸ்டுடியோக்காரரிடம் இருந்தது எட்டுக்குப் பத்து, பத்துக்குப் பன்னிரண்டு அங்குலத் தாள்தான். தாள் நிறைய வேண்டும் என்று வாடிக்கையாளர் எதிர்பார்த்ததால், மேலும் கீழும் அல்லது இருபுறமும் அவர் கழித்தார். இப்படிக் கழிப்பதற்கென்றே சுற்றிலும் இடம்விட்டு எடுத்த ஸ்டுடியோக்காரர்களும் இருந்தார்கள்.

முறையா என்று கேட்டால், எடுக்கும்போதே வெட்டுவதை மனத்தில் வைத்திருந்தவருக்கு அது முறைதான். 1969-ல் நிலவில் ஆர்ம்ஸ்ட்ராங் ஹாசல்பிளாடில் எடுத்த ஆல்ட்ரினின் புகழ்பெற்ற படத்தில், தலைக்கு மேலே இடமே இல்லாமல் சட்டம் முடிந்துவிட்டது. வெளியிட்டவர்கள் மேலே கறுப்பு வானத்தை ஒட்டித்தான் சதுரத்தை நிரப்பினார்கள். ஆனால் நான்கு ஓரங்களையும் எண்ணி அமைத்த சதுரத்தை, கடையில் கிடைக்கும் சட்டத்துக்காக வெட்டுவதை நான் ஏற்க மாட்டேன். அதே தாளில் சுற்றிலும் வெள்ளை விட்டு நடுவில் சதுரமாகப் பிரிண்ட் போட்டுக்கொண்டால் எந்தச் சட்டத்திலும் அழகாக உட்காரும். கீழ்ப்பக்க வெள்ளை மட்டும் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும்.

உங்கள் வீட்டில் நெகட்டிவ்கள் எங்காவது கிடக்கின்றனவா என்று தேடிப் பாருங்கள். ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள்; பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து, அமிலமில்லாத காகித உறைக்கு மாற்றுங்கள். சுவரில் மாட்டிய மணமக்கள் படத்தின் முழுச் சதுரத்தையும் பிரிண்ட் போட்டால், வெட்டுப்பட்ட ஓரத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கும் பிள்ளையோ, தாம்பாளம் ஏந்தி நின்ற கையோ இருக்கக்கூடும். அது யாருடையது என்று சொல்லக்கூடிய ஆயாவோ அப்பத்தாவோ இன்னும் வீட்டில் இருந்தால், பிரிண்டின் பின்புறத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள்.