‘நிரலில் 38 சதவீதம் காப்பி’ என்று சொல்லி ரூ.4 லட்சம் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கேள்வி: திருநெல்வேலி டவுன் ரதவீதி அருகே மொத்த மளிகை வியாபாரம் செய்கிறோம், அம்பாசமுத்திரத்தில் ஒரு கிளை உண்டு. 2017-இல் ஜிஎஸ்டி வந்த சமயத்தில் உள்ளூர் இளைஞர் ஒருவர் எழுதிக்கொடுத்த பில்லிங் சாஃப்ட்வேரில்தான் இரண்டு கடையும் ஓடுகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் நெய்க்கு வரி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தபோது விற்பனை பில் சரியாக மாறிவிட்டது. ஆனால் சரக்கு திரும்பி வந்தால் போடும் கிரெடிட் நோட்டில், கிளைக்கடையில் மட்டும், இன்னும் 12-தான் விழுகிறது. பார்க்க வந்த ஒருவர், நிரலில் (சாஃப்ட்வேருக்குள் எழுதியிருக்கும் கட்டளைகளில்) 38 சதவீதம் ஒரே துண்டையே திரும்பத் திரும்ப ஒட்டிய காப்பி என்று அச்சடித்த அறிக்கையைக் கொடுத்து, முழுவதையும் புதிதாக எழுத ரூ.4 லட்சம் கேட்கிறார். என்ன செய்வது?

பதில்: கொடுக்க வேண்டாம், அண்ணாச்சி. உங்கள் கோளாறு உண்மையானது. அதற்குச் சொல்லப்பட்ட வைத்தியம்தான் பொய்.

நீங்கள் இணைத்து அனுப்பியிருந்த இரண்டு பக்கங்களையும் பார்த்தேன். விற்பனைப் பகுதியில் வரிக் கணக்கு ‘தொகை × 12 / 100’ என்று எழுதப்பட்டிருந்திருக்கிறது. அதை, சாஃப்ட்வேரை எழுதிக்கொடுத்த அந்தத் தம்பி 5 ஆக்கிவிட்டார். கிளைக்கடையின் கிரெடிட் நோட்டுப் பகுதியிலோ அதே கணக்கு, பெயர்கள் மாறி, ‘மொத்தம் × 0.12’ என்று கிடக்கிறது. கிளை திறந்த அவசரத்தில் பழைய பகுதியைப் பிரதியெடுத்து ஒட்டி, அங்குமிங்கும் திருத்தியிருக்கிறார். பிறகு வரி மாறிய அன்று ‘12 / 100’ என்று தேடினால் ‘0.12’ எப்படி அகப்படும்? இப்படி ஒரே வேலையைச் செய்யும் துண்டுகள் பல இடங்களில் இருந்து, அவற்றுள் ஒன்று மட்டும் திருத்தத்துக்குத் தப்பிவிடுவதைத்தான் ஆய்வாளர்கள் முப்பது ஆண்டுகளாகத் துரத்திக்கொண்டிருக்கிறார்கள். 2004-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளான லினக்ஸின் மையநிரலிலேயே ஒட்டியபின் பெயர் மாற்ற மறந்தது போன்ற 28 பிழைகளையும், அதேபோன்ற ஃப்ரீபிஎஸ்டி-யில் 23 பிழைகளையும் கண்டுபிடித்தது. ஆகவே உங்கள் தம்பியைத் திட்டவேண்டிய அவசியம் இல்லை.

ஆனால் இதிலிருந்து ‘காப்பி இருந்தாலே கேடு’ என்று முடிவுகட்டுவது தவறு. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேப்சர், காட்ஃப்ரே இருவரும் 2006-இல் இரண்டு பெரிய மென்பொருள்களில் தாம் எடுத்துப் பார்த்த பிரதிகளுள் 71 சதவீதம் வரை பராமரிப்புக்கு நன்மை செய்பவையாகவே கருதத்தக்கவை என்று காட்டினார்கள். மூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 2009-இல் சொன்னது உங்களுக்கு இன்னும் நெருக்கமானது: பிரதிகளுக்கிடையே தெரியாமல் நேர்ந்துவிட்ட வேறுபாடுகளில் ஏறத்தாழ இரண்டில் ஒன்று பிழையாக முடிகிறது. ‘தெரியாமல்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். சேர்ந்து மாறவேண்டியவை எவை என்று எவருக்கும் தெரியாமல் போவதுதான் நோய். சதவீதம் அதைச் சொல்லாது.

அந்த 38 எப்படி வந்தது என்று கேட்டுப்பாருங்கள். பிஎம்டி என்ற நிரல்சோதனைத் தொகுப்பில் உள்ள சிபிடி போன்ற இலவசக் கருவிகள் பிரதிகளைத் தேடும்போது, குறைந்தது எத்தனை சொல்துண்டுகள் (நிரலில் உள்ள பெயர், எண், குறி ஆகியவை) தொடர்ந்து ஒத்துப்போனால் பிரதி என்று எண்ணவேண்டும் என்பதை நாமே எண்ணாகக் கொடுக்கவேண்டும். 100 என்று கொடுத்தால் சில வரும். அதையே 30 ஆக்கினால் அறிக்கை கொழுத்துவிடும். படிவம் வரைவதற்காகக் கணினி தானாகவே எழுதிக்கொண்ட பக்கங்களையும் சேர்த்துவிட்டால் கேட்கவே வேண்டாம். இதை விளக்காமல் அச்சடித்த காகிதத்தை மேசையில் வைக்கிறவர் நிபுணர் அல்லர், தரகர். ‘புதிதாக எழுதித் தருகிறேன்’ என்று இவர்கள் பிறகு கொண்டுவருவது, பெரும்பாலும் வேறொரு கடைக்குக் கொடுத்த சாஃப்ட்வேரில் கடைப்பெயரை மட்டும் மாற்றியதாக இருப்பதையும் பலமுறை பார்த்துவிட்டேன். கல்லூரி வாசலில் இறுதியாண்டு புராஜெக்டைக் காசுக்கு விற்கும் கடைகளில் பயின்ற கை அது. நான்கு ஆண்டுப் பொறியியல் படிப்பில் பிறர் எழுதிய பழைய நிரலைப் பழுதுபார்க்கும் பயிற்சியை ஒரு பருவத்துக்குக்கூட வைக்காத பாடத்திட்டத்திடம் வேறு எதை எதிர்பார்ப்பது?

இங்கே ஓர் எச்சரிக்கை. இதைப் பொறுமையாகப் படியுங்கள். கிரெடிட் நோட்டில் 12 விழுவதெல்லாம் பிழை அல்ல. செப்டம்பர் 22-க்கு முன் 12 சதவீதத்தில் பில் போட்டு விற்ற நெய் டின் இப்போது திரும்பி வந்தால், விற்ற அன்று எந்த வரி வாங்கினீர்களோ அதே வரியில்தான் கிரெடிட் நோட்டுப் போடவேண்டும். 2025-26 நிதியாண்டில் விற்றதற்கான கிரெடிட் நோட்டை, ஜிஎஸ்டி ஆண்டுக் கணக்கு அதற்குமுன் தாக்கல் ஆகாதவரை, 2026 நவம்பர் 30 வரை காட்ட இடமுண்டு. எனவே ‘பழைய 12-ஐத் தேடிப்பிடித்து அழித்துவிடு’ என்று தம்பியிடம் சொன்னீர்களானால், இன்று ஒரு கிளையில் மட்டும் இருக்கும் தவறு நாளை இரண்டு கடையிலும் எதிர்ப்பக்கமாக வந்து நிற்கும். உங்கள் டவுன் கடையில் இப்போது எல்லாத் திரும்பலுக்கும் 5 விழுகிறதென்றால், சரி என்று நீங்கள் நம்பிக்கொண்டிருக்கும் அந்தக் கடையிலும் பழைய பில்களுக்குத் தவறுதான் நடந்துகொண்டிருக்கிறது. ஆடிட்டரிடம் இதை முதலில் காட்டுங்கள்.

தம்பியிடம் கேட்கவேண்டியது சிறிய வேலைதான். வரி விகிதத்தை, அது நடைமுறைக்கு வந்த தேதியோடு, ஒரே பட்டியலில் வைக்கவேண்டும். விற்பனை பில் அன்றைய தேதியைப் பார்த்து அங்கிருந்து எடுக்கட்டும். கிரெடிட் நோட்டு தானாக எதையும் கணக்கிடாமல், மூல பில்லின் எண்ணைக் கேட்டு அதிலிருந்த விகிதத்தையே எடுத்துக்கொள்ளட்டும். வரியைக் கணக்கிடும் மற்ற எல்லா இடங்களையும் கருவியால் ஒருமுறையும் கண்ணால் ஒருமுறையும் தேடச் சொல்லுங்கள். ஒரே வேலையை வேறு விதமாக எழுதியிருந்தால் கருவி கோட்டைவிட்டுவிடும். பில்லின் தலைப்பு, அச்சு அளவு போன்றவற்றில் கிளைக்கொரு பிரதி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

மூல நிரல், அதாவது தம்பி எழுதிய, திருத்தக்கூடிய வடிவம், உங்கள் கையில் இருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி கணினி நிரலும் இலக்கியப் படைப்புதான். உங்களிடம் சம்பளத்துக்கு வேலைபார்க்காத ஒருவர் எழுதித் தந்தால், அவர் கையெழுத்திட்டு எழுத்துமூலம் மாற்றித் தராதவரை உரிமை அவருடையதே. பணம் கொடுத்தேனே என்பது அங்கே செல்லாது. இந்தத் திருத்தத்துக்கான கூலியைத் தரும்போதே அந்தக் காகிதத்தையும் வாங்கிவிடுங்கள்.

கூலியின் கடைசித் தவணைக்கு முன் ஒரு சோதனை: 2025 செப்டம்பர் 20 தேதியிட்ட ஒரு நெய் பில்லையும் 25 தேதியிட்ட ஒரு நெய் பில்லையும் எடுத்து, டவுன் கடையில் ஒருமுறையும் அம்பாசமுத்திரத்தில் ஒருமுறையும் திரும்பல் போட்டுப் பாருங்கள். இரண்டு கடையிலும் முதல் பில்லுக்கு 12-உம் அடுத்ததற்கு 5-உம் வரவேண்டும்.