முதுகு வலிக் கருவிக்காக மகள் கல்யாண எஃப்.டி.யை உடைக்கலாமா?

கேள்வி: வயது 52, மதுரையில் தனியார் நிறுவனத்தில் கணக்காளர். ஐந்து வருடமாக இடுப்பிலும் பிட்டத்திலும் வலி. மாத்திரை, பிசியோதெரபி, ஊசி எல்லாம் பார்த்தாச்சு. இப்போது நரம்புத் தூண்டல் கருவி வைக்கலாம் என்கிறார் மருத்துவர், 7 லட்சம் ஆகுமாம். 5 லட்சத்துக்கு ஹெல்த் பாலிசி எடுத்து 2 வருடம் 4 மாதம் ஆகிறது, வலியைச் சொல்லித்தான் எடுத்தேன். மகள் திருமணத்துக்கு வைத்திருக்கும் 10 லட்சம் எஃப்.டி.யை உடைக்கலாமா?

பதில்: உடைக்காதீர்கள், இப்போதைக்கு.

வலியைச் சொல்லி பாலிசி எடுத்தீர்களே, அதற்கே ஒரு சபாஷ். மறைத்துவிட்டு க்ளெய்ம் நேரத்தில் என்னிடம் வந்து புலம்புகிறவர்கள்தான் அதிகம். ஆனால் ஏற்கெனவே இருந்த நோய்க்குக் காத்திருப்புக் காலம் உண்டு, அது முடியும்வரை அந்த நோய்க்கு க்ளெய்ம் கிடைக்காது. அந்தக் காலம் 36 மாதத்தைத் தாண்டக் கூடாது என்று 2024-ல் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. சொல்லிவிட்டது. உங்கள் பாலிசித் தாளில் 36 என்றே இருந்தால் இன்னும் 8 மாதம். இன்றைக்கே கருவி வைத்தால் மொத்தமும் உங்கள் கையிலிருந்துதான்.

எட்டு மாதம் வலியோடு இருக்கச் சொல்கிறானே என்று திட்டாதீர்கள். இந்தச் சிகிச்சையில் முழுப் பணத்தையும் ஒரே நாளில் கொட்ட வேண்டியதில்லை. இடுப்பெலும்பின் விளிம்பைத் தாண்டிப் பிட்டத்துக்கு இறங்கும் க்ளூனியல் நரம்பா, முதுகெலும்பு மூட்டுகளுக்குப் போகும் நரம்பா, வலி எதிலிருந்து வருகிறது என்று முதலில் மரப்பு ஊசி போட்டுப் பார்ப்பார்கள். அப்புறம் மெல்லிய ஒயரை அந்த நரம்புக்குப் பக்கத்தில் வைத்து, வெளியே ஒட்டிய சின்னக் கருவியிலிருந்து லேசான மின்சாரம் அனுப்பிச் சில நாள் சோதனை. வலி பாதியாவது குறைந்தால்தான் நிரந்தரமாக வைப்பது வழக்கம். 60 நாள் வைத்து எடுத்துவிடும் வகையும் இருக்கிறது. அதனால் மருத்துவமனையிடம் சோதனைக்கு எவ்வளவு, நிரந்தரத்துக்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். ஒயர் நகர்ந்தால், உடைந்தால், உள்ளே வைக்கும் பேட்டரி தீர்ந்தால் என்ன செலவு என்பதையும் கேளுங்கள், 7 லட்சத்தில் அதெல்லாம் இருக்காது என்பது என் ஊகம்.

சரி, 8 மாதம் கழிந்தால் இன்சூரன்ஸ் தருமா? இங்கேதான் சிக்கல். நவீன சிகிச்சைகள் என்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2019-ல் 12 வகையைப் பட்டியலிட்டது, மூளைக்குள் வைக்கும் தூண்டல் கருவி அதில் இருக்கிறது, உங்களுடையது இல்லை. இல்லாததால் கிடைக்கவே கிடைக்காது என்று அர்த்தமில்லை, ஆனால் 'நிரூபிக்கப்படாத சிகிச்சை' என்று ஒரு வரியில் தள்ளிவிட வசதியாகப் போய்விடும். இதுவரை என்னென்ன செய்தும் பலனில்லை, மரப்பு ஊசியில் எவ்வளவு வலி குறைந்தது, சோதனையில் எவ்வளவு குறைந்தது, எல்லாவற்றையும் மருத்துவர் கடிதமாகத் தரட்டும். அதோடு இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் முன் அனுமதி கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். கவுண்டரில் 'கிடைச்சிடும் சார்' என்று சொல்வதை நம்பி அட்மிட் ஆகிவிடாதீர்கள். உடம்புக்கு வெளியே மாட்டும் கருவிக்குப் பல பாலிசிகளில் பணம் கிடையாது, அதைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

காத்திருப்புக் காலம் முடிந்தும் மறுத்தால் முதலில் நிறுவனத்திடமே எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் என்கிற குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

இதற்கிடையில் வலி தாங்க முடியவில்லை என்றால் சோதனைக்கு மட்டும் சொந்தப் பணம் போடுங்கள். அதற்கும் எஃப்.டி.யை உடைக்காமல் அதன் பேரிலேயே வங்கியில் ஓவர்டிராஃப்ட், அதாவது எஃப்.டி.யை ஈடாக வைத்துத் தேவைக்கேற்ப எடுக்கும் கடன், கேளுங்கள். எஃப்.டி. வட்டியைவிட ஒன்றிரண்டு சதவீதம்தான் கூட இருக்கும், எடுத்த தொகைக்கு மட்டும் வட்டி, பர்சனல் லோனெல்லாம் பக்கத்திலேயே வர முடியாது. சோதனையில் வலி குறையவில்லை என்றால் அந்தக் கடனோடு போயிற்று, மகள் பணம் அப்படியே இருக்கும்.

மருத்துவமனையின் செலவு மதிப்பீடு கையில் வந்ததும் பாலிசித் தாளோடு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.